மன்னனில்லா நாட்டில் ஒரு மன்னர்

சூரிச் நகரத்துப் புகைவண்டி நிலையத்தின் எதிரே ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. அடியிலே நீரூற்று, மேலே ஒரு மனிதர். இடையிலே வாளில்லை, ஏறி அமரக் குதிரையில்லை, தலையிலே முடியில்லை. நாடு பிடித்தவர் அல்லர். ஊர் எரித்தவர் அல்லர். ஆண்டவன் அருள் பெற்றதாகக் கூறி ஆட்டிப் படைத்தவரும் அல்லர். இருப்புப்பாதை இட்டவர், வங்கி கண்டவர், கல்விக்கூடம் எழுப்பியவர், ஆல்ப்ஸ் மலையைக் குடையப் பொருள் திரட்டியவர். பெயர், ஆல்பிரட் எஷர். சிற்பி ரிச்சர்டு கிஸ்லிங் வடித்த அந்தச் சிலை 1889-இல் திறக்கப்பட்டது.

வகுப்பறையிலே ஐரோப்பியப் படத்தை விரித்து வைத்துச் சென்ற நூற்றாண்டுகளின் கதையைச் சொல்லும்போது, சுவிட்சர்லாந்தைத் தொட்டு, "இந்த நாட்டுக்கு மன்னன் இல்லை" என்று கூறுவோம். கூறும் நமக்கே பெருமிதம் பிறக்கும். சுற்றிலும் முடியரசுகள்! வடக்கே செர்மானிய மன்னர்கள். கிழக்கே ஆஸ்திரியப் பேரரசன். மேற்கே மன்னனும் மக்களும் மாறி மாறி மோதிக்கொண்ட பிரான்சு. நடுவிலே, பனிமலையின் மடியிலே, முடியில்லா நாடு!

ஆயின், அந்த நாட்டிலேதான், 'முதலாம் ஆல்பிரட் மன்னர்' என்று ஒருவரை மக்கள் எள்ளி நகையாடினர். முடிசூடாமலே மன்னரானவர், அந்தச் சிலையிலே நிற்கும் எஷர்தான். முடியை வெறுத்த நாட்டில் ஒருவர் மன்னராக முடிந்தது எப்படி? வாளெடுக்காமலே, துப்பாக்கி தூக்காமலே, மக்கள் அவரை இறக்கி வைத்தது எப்படி? இந்த இரு வினாக்களுக்கும் விடை காண்பதே நமது நோக்கம். ஏனெனில், எஷர் பிற்போக்காளர் அல்லர்; பழமையோடு போரிட்டவர். பழமையை வீழ்த்தியவரே புதிய ஆதிக்கமாக வளர்ந்த கதை, முற்போக்குப் பேசும் ஒவ்வொருவரும் படித்தறிய வேண்டிய கதை.

சுவிட்சர்லாந்து என்றதும் உரிமை, சமத்துவம், சகோதரத்துவம் என்றே நினைக்கிறோம். 18-ஆம் நூற்றாண்டில் நிலைமை அதுவன்று. சூரிச் நகரில் சில குடும்பங்கள் ஆண்டன; சுற்றியிருந்த கிராமங்கள் அடங்கிக் கிடந்தன. நகரத்தானுக்கு வாணிப உரிமை. நாட்டுப்புறத்தானுக்கு நூற்கும் உரிமை, நெய்யும் உரிமை, வரி கட்டும் உரிமை! பிரெஞ்சுப் புரட்சியின் புயல் 1798-இல் அந்தக் கட்டடத்தைச் சாய்த்தது. நெப்போலியன் வீழ்ந்ததும் பழைய குடும்பங்கள் மீண்டும் தலை தூக்கின. 1830 நவம்பர் 22-இல், ஊஸ்டர் என்னும் ஊரில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கூடினர். "நாட்டுப்புறத்துக்கும் உரிமை வேண்டும்" என்று முழங்கினர். அந்த முழக்கத்திலே பிறந்தது சூரிச் மாநிலத்தின் புதிய அரசியல் சட்டம். அதைத் தொடர்ந்து பிறந்தவை, எல்லார்க்கும் கட்டாயக் கல்வி, ஆசிரியர்க்குப் பயிற்சிக் கல்லூரி, 1833-இல் ஒரு பல்கலைக்கழகம்.

பள்ளி எழுந்தால் பாதிரியின் பிடி தளரும். இதைப் பாதிரிகள் நம்மைவிட நன்கு அறிவர்! 1839-இல் டேவிட் ஸ்டிராஸ் என்ற அறிஞரைச் சமயவியல் பேராசிரியராகச் சூரிச் அரசு அமர்த்தியது. ஏசுவின் வரலாற்றை ஆராய்ந்து, அதிசயக் கதைகள் வரலாறல்ல, புராணமே என்று எழுதியவர் ஸ்டிராஸ். பதறிற்று வைதீகம். "மதத்துக்கு ஆபத்து!" என்ற கூக்குரல் கிராமம்தோறும் கிளப்பப்பட்டது. அரசு அஞ்சியது, ஸ்டிராஸ் ஒரு நாளும் பாடம் சொல்லுமுன்னரே ஓய்வூதியம் தந்து அவரை விலக்கியது. வைதீகம் விட்டதா? பணிந்த அரசை மேலும் பணிய வைக்கவே முனைந்தது. செப்டம்பர் 6-ஆம் நாள், ஹிர்செல் என்ற பாதிரியின் தலைமையில் கிராம மக்கள் ஆயுதம் தாங்கிச் சூரிச்சுக்குள் புகுந்தனர். துப்பாக்கி வெடித்தது, பலர் மாண்டனர். "சுடாதீர்" என்ற ஆணையைத் தாங்கி ஓடிய ஆட்சிக்குழு உறுப்பினர் ஹெகட்ஷ்வைலர், மருத்துவர், தாவரவியல் அறிஞர், அவரும் குண்டடிபட்டு உயிர் நீத்தார். ஆட்சி கவிழ்ந்தது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவர் ஷெர் என்பார் வேலையினின்றும் நீக்கப்பட்டார். ஆசிரியத் தொழில் புரியும் நாம் இந்தச் செய்தியைப் படிக்கும்போது, ஷெரின் காலியான நாற்காலி நம் கண்முன்னே தோன்றுகிறது.

அந்தக் கலவரத்தின்போது எஷருக்கு வயது 20.

1819 பிப்ரவரி 20-இல் பிறந்தவர் அவர். எஷர் குடும்பம் பழம்பெருங் குடும்பம். ஆனால் பாட்டனார் காலத்தில் வாணிபத்தில் நொடித்து, பலரையும் நட்டத்தில் ஆழ்த்திய குடும்பம். அதனால் சூரிச்சின் உயர்குடியினர் அவர்களைச் சற்று ஒதுக்கியே வைத்தனர். தந்தை ஐன்ரிக் எஷர் அமெரிக்கா சென்று, பெரும்பொருள் ஈட்டித் திரும்பினார். ஏரிக்கரையிலே 'பெல்வார்' என்ற மாளிகையை எழுப்பினார். அங்கே, ஆஸ்வால்டு ஹீர் போன்ற இயற்கையியல் அறிஞர் வீட்டாசிரியராக வந்து கற்பிக்க, மகன் வளர்ந்தார். பான், பெர்லின் நகரங்களிலும் பயின்றார். 1842-இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

மாளிகையைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் மறைக்காது கூற வேண்டும். சிறிய தந்தையர் இருவர்க்குக் கியூபாத் தீவிலே காப்பித் தோட்டம் இருந்தது. அங்கே எண்பதுக்கும் மேற்பட்ட அடிமைகள் பாடுபட்டனர். அடிமைகள், ஆம், விலைக்கு வாங்கிய மனிதர்கள்! அவருள் ஒருவர் 1845-இல் இறந்தபின் அத்தோட்டம் ஆல்பிரட்டின் தந்தை கைக்கு வந்து, பின்னர் விற்கப்பட்டது. அன்றே அரசியல் எதிரிகள் இதைப் பத்திரிகைகளில் எழுதினர். நீண்டகாலம் மறுக்கப்பட்டும் மறக்கப்பட்டும் கிடந்த இச்செய்தியை, நம் காலத்து ஆராய்ச்சியாளர் பழைய ஆவணங்களைப் புரட்டி மீண்டும் வெளிக்கொணர்ந்துள்ளனர். உரிமை பேசும் நாவும், அடிமையின் வியர்வையில் விளைந்த காசும் ஒரே வீட்டில் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டுத் தாராளவாதிகள் பலர் வீட்டிலே இருந்த முரண்பாடு இது.

இனி அரசியல் மேடைக்கு வருவோம். 1844-இல், 25 வயதிலே, சூரிச் மாநிலச் சட்டமன்றத்தில் எஷர் நுழைந்தார். அந்நாளில் எரிந்துகொண்டிருந்த பிரச்சினை ஏசு சபையினர் பற்றியது. லூசர்ன் மாநிலம் தன் பள்ளிகளை ஏசு சபையினரிடம் ஒப்படைக்க முன்வந்தது. கல்வியைப் பாதிரிகளின் கையில் கொடுப்பதா என்று முற்போக்காளர் கொதித்தெழுந்தனர். எஷர் அவர்களுள் முன்னணியில் நின்றார். கத்தோலிக்க மாநிலங்கள் ஏழு சேர்ந்து தனிக் கூட்டு அமைத்தன. 1847 நவம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. தளபதி டூஃபோர் தலைமையில் கூட்டாட்சிப் படை ஒரு மாதத்துக்குள் வென்றது. இருதரப்பிலும் இறந்தோர் ஏறத்தாழ நூறு பேர். போர்களின் வரலாற்றிலே இவ்வளவு குறைந்த குருதிக்கு இவ்வளவு பெரிய மாறுதல் அரிது.

1848 செப்டம்பர் 12-இல் புதிய கூட்டாட்சி அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாநிலத்துக்கு மாநிலம் சுங்கச்சாவடி, மாநிலத்துக்கு மாநிலம் நாணயம், மாநிலத்துக்கு மாநிலம் அஞ்சல் என்றிருந்த நிலை போயிற்று. ஒரே சந்தை, ஒரே நாணயம், ஒரே அஞ்சல் என்ற புதுநிலை பிறந்தது. அதே ஆண்டில் எஷர் சூரிச் மாநில ஆட்சிக்குழுவிலும் இடம்பெற்றார்; புதிய கூட்டாட்சியின் தேசிய மன்றத்திலும் உறுப்பினரானார். 1882-இல் சாகும்வரை, 34 ஆண்டுகள், அந்த மன்றத்தில் இருந்தார். 30 வயதிலே மன்றத்தின் தலைவராகவும் வீற்றிருந்தார்.

உரிமைச் சட்டந்தான், ஆனால் எல்லார்க்கும் உரிமையா? இல்லை. யூதர்க்கு விரும்பிய ஊரில் குடியேறும் உரிமை 1866 வரை கிட்டவில்லை. பெண்களுக்கோ, கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை 1971 வரை இல்லை! 'மக்கள்' என்ற சொல்லுக்குள் யார் யாரை அடைப்பது என்பதிலேதான் எப்போதும் சூழ்ச்சி இருக்கிறது.

1849-இல் மன்றத் தலைவராய்ப் பேசுகையில் எஷர் ஒரு எச்சரிக்கை விடுத்தார். ஐரோப்பா எங்கும் இருப்புப்பாதைகள் ஓடுகின்றன. அவை சுவிட்சர்லாந்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டால், நாடு உலகம் துறந்த துறவியின் குடிசையாகிவிடும் என்பது அதன் கருத்து. வெறும் அச்சுறுத்தல் அன்று அது. அந்நாளில் நாட்டுக்குள்ளேயே முழுமையாக அமைந்த இருப்புப்பாதை ஒன்றே ஒன்று. சூரிச்சுக்கும் பேடனுக்கும் இடையே, 1847-இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை.

பாதை போட வேண்டும், சரி, போடுவது யார்? அரசா, தனியாரா? இங்கேதான் கதையின் திருப்புமுனை. அரசே அமைக்கட்டும் என்று பலர் வாதிட்டனர். தனியார் கையிலே விடுக, போட்டி பிறக்கும், வேகம் பிறக்கும் என்றார் எஷர். 1852-ஆம் ஆண்டுச் சட்டம் எஷர் பக்கம் சாய்ந்தது. அடுத்த ஆண்டே 'வடகிழக்கு ரயில்வே' கம்பெனி உருவாயிற்று. அதன் தலைவர் யார்? எஷர்!

பாதை போடப் பொறிவல்லார் வேண்டுமே. அவர்களைப் பிற நாட்டிலிருந்தா வரவழைப்பது? 1854-இல் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரிக்கான சட்டம் நிறைவேறிற்று. 1855-இல் சூரிச்சில் கல்லூரி திறக்கப்பட்டது. எஷர் அதன் ஆட்சிக்குழுத் துணைத்தலைவராய் இறுதிவரை இருந்தார். செர்மனியிலே 1849-ஆம் ஆண்டுப் புரட்சியில் பங்கு கொண்டு, நாட்டை விட்டு ஓடிவந்த கட்டடக்கலை மேதை காட்ஃபிரீட் செம்பர், இங்கே பேராசிரியரானார். கல்லூரிக்கு எழில்மிகு கட்டடமும் வகுத்தளித்தார். மன்னர்கள் விரட்டிய மூளைகளுக்கு அந்தக் கல்லூரி மாடம் அமைத்தது! பிற்காலத்தில், 1896 முதல் 1900 வரை, ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் பயின்றதும் இங்கேதான். எஷர் நட்ட மரங்களிலே இதைப்போல் நிழல் தந்தது வேறில்லை.

பாதைக்குப் பணம்? பாரிசிலும் பிற இடங்களிலும் கடன் கேட்டால், கடனோடு ஆதிக்கமும் வரும். அதே வேளையில், செர்மனியின் லைப்சிக் நகர வங்கி ஒன்று சூரிச்சில் கிளை காண முயன்றது. எஷர் முந்திக்கொண்டார். 1856-இல் 'சுவிஸ் கடன் நிலையம்' பிறந்தது. பின்னாளில் 'கிரெடிட் சுவிஸ்' என்று உலகெங்கும் பெயர் பெற்ற வங்கி அதுதான். பொதுமக்களுக்கு 30 லட்சம் பிராங்கு அளவுக்குப் பங்குகள் விற்கப்படும் என்று அறிவித்தனர்; மூன்றே நாளில் 21 கோடியே 80 லட்சம் பிராங்குக்கு விண்ணப்பங்கள் குவிந்தன! வங்கியின் தலைவர் யார்? அவரும் எஷர்!

எப்படிச் சுழன்றது அந்தச் சக்கரம் என்பதைச் சற்று நின்று பாருங்கள். ரயில்வேக்கு உரிமம் தருவது மாநில மன்றம். அங்கே எஷரின் குரல் ஓங்கியிருக்கும். உரிமம் பெறுவது ரயில்வே கம்பெனி. அங்கே எஷர் தலைவர். கம்பெனிக்குக் கடன் கொடுப்பது வங்கி, அங்கேயும் எஷர். தகராறு எழுந்தால் தீர்த்து வைப்பது கூட்டாட்சி. அதன் மன்றத்தில் மீண்டும் எஷர். கேட்பவர் அவர், கொடுப்பவர் அவர், சாட்சி அவர், தீர்ப்பு கூறுபவரும் அவரே! 'எஷர் முறை' என்றே இதற்குப் பெயர் வைத்தனர் எதிர்ப்பாளர். 'கூட்டாட்சிப் பிரபு' என்று பட்டமும் சூட்டினர். அவர் கையூட்டு வாங்கினார் என்று நாம் கூறவில்லை. இரவு பகல் பாராது உழைத்தவர். உடல் கெடும்வரை உழைத்தவர். ஆனால், உழைப்பாளியின் கையிலே இருந்தாலும், கணக்குக் கேட்பாரற்ற அதிகாரம் அதிகாரந்தானே!

அந்தச் சக்கரத்துக்கு வெளியே நின்றவர்களோ பலர். உழவன் நிலத்தை அடகு வைத்துக் கடன் கேட்டால், பெரிய வங்கி அவனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. சிறுதொழில் புரிவோன் நிலையும் அதுவே. நூற்பாலைகளில் குழந்தைகள் விடியுமுன் புகுந்து இருட்டியபின் வெளிவந்தனர். கவிஞர் காட்ஃபிரீட் கெல்லர், எஷரின் அணியினர் உதவியால் அரசின் உதவித்தொகை பெற்றுக் கல்வி பயின்றவர். அவரே 1861-இல், குழந்தைத் தொழிலாளரின் வேலை நேரத்தைக் குறைக்க மறுத்த மாநில மன்றத்தை இடித்துரைத்து எழுதினார். எழுதிய அதே ஆண்டில் அவருக்கு மாநிலச் செயலாளர் பதவி கிடைத்தது! அந்த ஆட்சியின் பெருந்தன்மை என்பதா, வாயடைக்கும் வகை என்பதா? படிப்போரே முடிவு செய்க.

1866-இல் லாகர் என்ற வழக்கறிஞர் துண்டு வெளியீடுகள் எழுதத் தொடங்கினார். எஷரின் ஆட்களைப் பெயர் சொல்லிக் கிழித்தார். உண்மையும் வசையும் கலந்த எழுத்துத்தான். ஆனால் மக்கள் அவற்றைப் பரபரப்போடு வாங்கிப் படித்தனர். 1867-இல் சூரிச் நகரில் காலரா பரவிற்று. நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளிலே அது கோரத் தாண்டவம் ஆடிற்று. புகைந்துகொண்டிருந்த குறை கொழுந்துவிட்டது. விண்டர்தூர் நகரில் வெளியான 'லாண்ட்போட்' ஏடு இயக்கத்தின் குரலாயிற்று. அந்த ஏட்டின் ஆசிரியர் குழுவிலே ஒருவர், பொருள்முதல்வாதத்தின் வரலாற்றை எழுதிய ஃபிரீட்ரிக் ஆல்பர்ட் லாங்கே! பகுத்தறிவு நூல் எழுதிய பேனா, மக்களின் உரிமைக்கும் எழுதிற்று.

1867 டிசம்பர் 15-இல் நான்கு ஊர்களில் ஒரே நாளில் மாபெரும் கூட்டங்கள் நடைபெற்றன. அரசியல் சட்டத்தைத் திருத்துக என்றனர் மக்கள். 1839-இல் துப்பாக்கியோடு வந்த அதே நாட்டுப்புறம், 28 ஆண்டுக்குப் பின் கையெழுத்துத் தாளோடு வந்தது! அன்று பாதிரியின் பின்னே வந்தனர். இன்று பத்திரிகையைப் படித்துவிட்டு வந்தனர். இடையிலே நடந்தது என்ன? பள்ளிக்கூடம் நடந்தது! எந்தக் கல்வியை எஷரும் அவர் அணியினரும் வளர்த்தனரோ, அந்தக் கல்வி பெற்றவர்களே எழுந்து நின்று, "எங்கள் சார்பில் நீங்கள் சிந்தித்தது போதும், இனி நாங்களே சிந்திக்கிறோம்" என்றனர்.

1869 ஏப்ரல் 18-இல் மக்கள் வாக்களித்துப் புதிய அரசியல் சட்டத்தை ஏற்றனர். ஆட்சிக்குழுவை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பர். மன்றம் இயற்றும் சட்டங்கள் மக்கள் வாக்குக்கு வரும். மக்களே சட்டம் முன்மொழியலாம். தொடக்கக் கல்விக்குக் கட்டணமில்லை. மரண தண்டனை இல்லை. மாநில வங்கி ஒன்றுக்கும் வழி வகுக்கப்பட்டது. 1870-இல் அது திறக்கப்பட்டு, உழவனுக்கும் சிறுதொழிலாளிக்கும் கடன் கொடுத்தது. பாதிரிகளும் பள்ளி ஆசிரியர்களும் ஆறாண்டுக்கு ஒருமுறை மக்களின் வாக்குப் பெற்றே பதவியில் நீடிக்க வேண்டும் என்றும் விதித்தனர். பாதிரிகளுக்கு அது வேண்டியதுதான் என்று மகிழும் நாம், ஆசிரியர்களுக்கும் என்னும்போது சற்றே நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறோம்! உரிமை என்பது அப்படித்தான்; அடுத்தவனைக் கணக்குக் கேட்கும்போது இனிக்கும், நம்மைக் கேட்கும்போது கசக்கும்.

எஷரின் முடி அன்று இறங்கிற்று. ஆனால் அவருடைய மாபெரும் வேலை இன்னும் எதிரே நின்றது. மலை!

வடக்கே செர்மனி, தெற்கே இத்தாலி; நடுவே ஆல்ப்ஸ். காட்ஹார்டு மலையைக் குடைந்து 15 கிலோமீட்டர் சுரங்கம் அமைத்தால், இரு நாடுகளும் ஒரே பாதையில் இணையும். மதிப்பிட்ட செலவு 18 கோடியே 70 லட்சம் பிராங்கு. இத்தாலி நாலரைக் கோடியும், செர்மனி இரண்டு கோடியும், சுவிட்சர்லாந்து இரண்டு கோடியும் உதவித்தொகையாகத் தர இசைந்தன. மிச்சத்தைத் தனியார் முதல் போட வேண்டும். 1871-இல் காட்ஹார்டு ரயில்வே கம்பெனி அமைந்தது. எஷர் அதன் தலைவரானார். 1872-இல் ஜெனீவாவைச் சேர்ந்த லூயி ஃபாவர் எட்டாண்டில் முடிப்பதாக ஒப்பந்தம் எடுத்தார். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் தண்டம் கட்டுவதாகவும் ஒப்புக்கொண்டார்.

ஒப்பந்தக்காரர் தலையிலே ஏறிய தண்டம், தொழிலாளியின் முதுகிலே இறங்கிற்று. வடக்கு வாயில் கோஷனன். தெற்கு வாயில் ஐரோலோ. இரு முனையிலும் குடைந்தோர் பெரும்பாலும் இத்தாலிய ஏழைகள். உள்ளே முப்பது டிகிரிக்கு மேல் வெப்பம், வெடிமருந்துப் புகை, கொட்டும் நீர், காற்றுக்குத் தவிப்பு. வெளியே வந்தால் ஆட்டுப்பட்டி போன்ற கொட்டகைகள். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனதும், அவன் படுக்கையிலே மற்றொருவன் சாய்வான். சுகாதார வசதியற்ற சுரங்கத்தில் கொக்கிப்புழு நோய் பரவி, குருதியை வற்றச் செய்தது. நோயின் காரணத்தை 1880-இல் தூரின் நகர மருத்துவர்கள் கண்டறிந்தனர். அதற்குள் எத்தனையோ பேர் வெளுத்து, மெலிந்து, ஊர் திரும்பிவிட்டனர்.

1875 ஜூலையில் கோஷனன் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நல்ல காற்று, நியாயமான கூலி, இவைதாம் கேட்டனர். காவற்படை வந்தது, துப்பாக்கி பேசிற்று, நால்வர் மாண்டனர். கட்டுமான வேலையில் விபத்துகளால் இறந்தோர் என்று பதிவான கணக்கு மட்டுமே 199 என்பர். நோயால் பின்னர் இறந்தோர் எந்தக் கணக்கிலும் இல்லை.

இதற்கிடையே செலவு எல்லை மீறிற்று. இன்னும் 10 கோடிக்கு மேல் வேண்டும் என்று 1876-இல் தலைமைப் பொறியாளர் ஹெல்வாக் கணக்கிட்டார். பழி முழுதும் எஷர் தலையில் விழுந்தது. புகழ் தனியே குவிந்த இடத்தில் பழியும் தனியே குவிவது வியப்பன்று. 1878-இல் அவர் பதவி விலக நேர்ந்தது. பாதி குடைந்த மலை நின்றது, பணம் இல்லை. அப்போது காப்பாற்றியவர் யார்? 1879 ஜனவரி 19-இல், கூடுதல் உதவித்தொகை தரலாமா என்று நாட்டு மக்களிடமே கேட்கப்பட்டது. பெருவாரியாக "தரலாம்" என்று வாக்களித்தனர். எந்த மக்கள் வாக்கைக் கண்டு எஷர் அணியினர் அஞ்சினரோ, அந்த மக்கள் வாக்கே எஷரின் கனவை நிறைவேற்றித் தந்தது!

1879 ஜூலையில் ஃபாவர் சுரங்கத்துக்குள்ளேயே மயங்கி விழுந்து மாண்டார். 1880 பிப்ரவரி இறுதியில் இரு முனையும் சந்தித்தன. துளை விழுந்ததும் அதன் வழியே முதலில் அனுப்பப்பட்டது, செத்த ஃபாவரின் உருவப்படம். அந்த விழாவுக்கு எஷருக்கு அழைப்பில்லை. 1882-இல் பாதை திறக்கும் விழாவுக்கு அழைத்தனர். அப்போது எழுந்து செல்ல உடலில் வலுவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 6-இல் பெல்வார் மாளிகையில் அவர் கண்மூடினார். வாழ்நாளெல்லாம் தூக்கிப் பேசியவர்களும் தூற்றிப் பேசியவர்களும் இறுதி ஊர்வலத்திலே சேர்ந்து நடந்தனர்.

அவருடைய ஒரே வாரிசு மகள் லிடியா. தாயை இளமையில் இழந்தவர். தந்தைக்குச் செயலாளர்போல் துணை நின்றவர். அவரை 1883-இல் மணந்தவர், எஷரைக் காட்ஹார்டுப் பதவியினின்றும் விலகவைத்த அமைச்சர் வெல்ட்டியின் மகன்! மணவாழ்வு கசந்தது, ஓவியர் கார்ல் ஸ்டாஃபரோடு உரோமாபுரி சென்றார். பெண் ஒருத்தி தன் மனத்தின்படி நடந்தால் உலகம் என்ன பெயர் சூட்டும்? 'பைத்தியம்' என்றது. மனநோய் விடுதியில் அடைத்தது. அறிவுத் தெளிவுடையவர் என்று மருத்துவர்களே எழுதியபின்னரே வெளிவந்தார். தந்தையின் செல்வத்தில் பெரும்பகுதியைக் கலைக்காக நாட்டுக்கே அளித்து, 1890-இல் அறநிலையம் கண்டார். அதற்குத் தம் பெயரை இடவில்லை. தந்தையின் பெயரையும் இடவில்லை. கவிஞர் கெல்லரின் பெயரை இட்டார். மறு ஆண்டு டிசம்பரில், 33 வயதிலே, தற்கொலை செய்துகொண்டார். ரஷ்யப் பெண்மணி ஒருவருக்கு 1867-இலேயே மருத்துவப் பட்டம் அளித்த பல்கலைக்கழகம் இருந்த நகரந்தான் சூரிச். அங்கே பிறந்த ஒரு செல்வமகளுக்குத் தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை இல்லை!

எஷர் விட்டுச் சென்றவை என்னவாயின? இருப்புப்பாதைகளை நாட்டுடைமை ஆக்கலாமா என்று 1898 பிப்ரவரி 20-இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. அது எஷர் பிறந்த நாள்! ஆம் என்றனர் மக்கள். 1852-இல் அவர் வென்ற வாதம், அவருடைய பிறந்த நாளிலேயே தோற்றது. காட்ஹார்டுப் பாதையும் 1909-இல் மக்கள் உடைமையாயிற்று. இன்றும் அதிலே வண்டிகள் ஓடுகின்றன. தொழில்நுட்பக் கல்லூரி உலகப் புகழோடு விளங்குகிறது. வங்கியோ, 167 ஆண்டு வாழ்ந்து, ஊழல்களாலும் நட்டத்தாலும் நம்பிக்கை இழந்து, 2023 மார்ச்சில் சரிந்தது. அரசின் ஏற்பாட்டில், போட்டியாளரான யூபிஎஸ் வங்கியின் வாயிலே போய் விழுந்தது. பொதுவுடைமையாய் ஆனவை நின்றன. சிலர் கையிலே சிக்கியது சாய்ந்தது.

எஷரை நாம் வெறுக்கவில்லை. பாதிரியின் பிடியிலிருந்து பள்ளியை மீட்கப் போரிட்டவர். சுங்கச்சாவடிகளால் துண்டுபட்ட நாட்டை ஒன்றாக்க உழைத்தவர். அறிவியலுக்குக் கோட்டை கட்டியவர். அவ்வளவும் மெய். ஆனால், மக்களுக்காக எல்லாம் செய்தவர், மக்களிடம் எதையும் கேட்காமல் செய்தார். அங்கேதான் தவறினார். ஆண்டவன் பேரால் ஆண்டவனை நீக்கிவிட்டு, அறிவின் பேரால் ஒருவன் ஆண்டால், நாற்காலி மாறிற்றே தவிர நடைமுறை மாறவில்லை. அதைச் சூரிச் மக்கள் உணர்ந்தனர். அவரைத் தூக்கிலிடவில்லை, நாடு கடத்தவில்லை. கணக்குக் கேட்டனர், அவ்வளவே. பின்னர் அவருக்குச் சிலையும் வைத்தனர். கணக்குக் கேட்டபின் வைத்த சிலை. அதனால் அது சிலையாகவே இருக்கிறது, சாமியாகிவிடவில்லை.

அந்தப் பாதையிலே மற்றொரு வெண்கலமும் உண்டு. காட்ஹார்டின் தெற்கு வாயிலான ஐரோலோவில், புகைவண்டி நிலையத்தருகே அது இருக்கிறது. வின்சென்சோ வேலா என்ற சிற்பி, கூலி பேசி ஒருவரும் ஏவாமல், தாமாகவே 1882-இல் உருவாக்கியது. செத்த தொழிலாளி ஒருவனைத் தோழர்கள் சுமந்து செல்லும் காட்சி. 'உழைப்பின் பலிகள்' என்பது அதன் பெயர். எஷருக்கு ஏழே ஆண்டில் சிலை எழுந்தது. இந்தத் தொழிலாளி வெண்கலமாகி ஐரோலோவில் இடம்பெற 1932 வரை, ஐம்பது ஆண்டு காத்திருந்தான்.

சூரிச்சில் வண்டி ஏறுவோர் எஷரைக் காண்பர். மலையைக் கடந்து ஐரோலோ சென்றால் இவனைக் காணலாம். முன்னவர் பெயர் எல்லார்க்கும் தெரியும். பின்னவனுக்குப் பெயரே இல்லை. வரலாறு கற்பிக்கும் நாம் மாணவருக்கு இரண்டு சிலைகளையும் காட்டுவோம். பெயரில்லாதவனை முதலில் காட்டுவோம்.